கோட்டுக்கு மேலே நாலு வீடு

நத்தைமுனை உப்பளத்துக்கு வடக்கே, தண்ணீர் லாரி வந்து திரும்பிப் போகிற இடத்தில் வரிசையாக நின்ற நாலு வீடுகள், ஒரு ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை விடிந்தபோது, தரையை விட்டு ஒன்றரை ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றன, அவற்றுக்கு அடியில் பனங்கட்டைத் தடிமனில் ஒரு கறுத்த கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடியது, ஆனாலும் அன்றைக்கு லாரி வருகிற நாள் என்பதால் யாரும் அதைப் பற்றி அதிகம் பேசிக்கொண்டு நிற்கவில்லை. முதல் வேலையாக ஏணி தேடினார்கள். அதன் பிறகு குடங்களைக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள், அதன் பிறகு வேலைக்குப் போனார்கள், ஏனென்றால் வீடு எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரியாக வேண்டும்.

சாயங்காலம் திரும்பி வந்துதான் வீட்டுக்குள் வந்து சேர்ந்திருந்தவற்றை எண்ணிப் பார்த்தார்கள். வாய் கட்டிய சாக்கு மூட்டைகள் இருந்தன, எல்லாம் ஒரே அளவு, எல்லாவற்றின் வாயிலும் சிவப்பு நூலில் ஒரு குறுக்குத் தையல், உள்ளே என்ன, எத்தனை இருக்கிறது என்று தெரியவில்லை, அவிழ்க்கப் போனால் முடிச்சு இன்னும் இறுகியது. மூட்டை போக, தரையில் உலக்கை இறங்கும் அகலத்துக்குக் குழிகள் இருந்தன. குழி இருந்த வீடுகளில் மூட்டையையும் குழியின் விளிம்பையும் சேர்த்து ஒரே கயிறு சுற்றிக் கட்டியிருந்தது. முதல் வீடு பாக்கியத்தாயுடையது. அவள் வீட்டில் குழி இல்லை, ஒரு சாதாரண மூட்டையும், ஒரு மூட்டையை அதே மூட்டையால் பெருக்கிப் போட்டது போல அறையை அடைத்துக்கொண்டு ஒரு சதுரப் பெருமூட்டையும் இருந்தன. இரண்டாவது வீட்டுச் சிவனணைந்தானுக்கு இரண்டு மூட்டை, ஏழு குழி. மூன்றாவது வீடு கங்காணி துரைப்பழத்துடையது, அங்கே ஒரு மூட்டை, மூன்று குழி. நாலாவது வீட்டில் எத்தனை என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. அதை அப்புறம் சொல்கிறேன்.

பாக்கியத்தாய் பத்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள், கணக்கில் ஒரே ஒரு மார்க்கில் தவறி, அந்த ஒரு மார்க்கை இருபது வருடமாக வயிற்றெரிச்சலோடு நினைத்துக்கொண்டிருப்பவள். அவள் மூட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது எக்ஸு. உள்ள எத்தனைன்னு தெரியாததுக்கு அதான் பேரு. ஆனா எல்லா மூட்டையிலயும் ஒரே எண்ணம்தான் இருக்கும்."

"அப்பம் குழி?" என்றார் சிவனணைந்தான்.

"குழின்னா இல்லாதது, அண்ணாச்சி. ஒரு குழின்னா ஒண்ணு குறையுது."

"எங்க வீட்லதான் ஏழு குறையும்னு எனக்குத் தெரியுமே," என்றாள் சிவனணைந்தானின் பெண்சாதி, அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

கோட்டுக்குக் கீழேயும் ஒன்று இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் கோட்டிலிருந்து ஒரு மூட்டை தொங்கியது, அதற்கு நேர் கீழே மூன்று குழி. நாலு வீட்டுக்கும் அப்படியே. தன் வீட்டுக்கு அடியில் இருந்த குழியில் சிவனணைந்தான் கை தவறிச் செருப்பை விட்டார், அது நாலாவது வீட்டுக்கு அடியில் இருந்த குழியில் கிடந்தது, முதல் வீட்டுக்கு அடியில் இருந்த குழியிலும் கிடந்தது, முதல் வீட்டுக்கு அடியிலிருந்து குச்சி விட்டு எடுத்ததும் எல்லாக் குழியிலிருந்தும் செருப்பு போய்விட்டது. அதிலிருந்து ஒன்று தெரிந்தது. நாலு இடத்தில் தெரிந்தாலும் கீழே இருப்பது ஒன்றேதான், நாலு வீடும் நிற்பது அந்த ஒன்றின் மேல்தான்.

ஊர் இதையெல்லாம் எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், ஊர் எதைத்தான் ஏற்றுக்கொள்ளவில்லை. பஸ் கண்டக்டர் மூன்றாம் நாளே 'கோட்டுவீடு இறங்கு' என்று கூவத் தொடங்கினார், கிராம நிர்வாக அலுவலர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு 'தரையில் இல்லை, ஆனால் குடியிருக்கிறார்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார், கரண்ட் ரீடிங் எடுப்பவர் ஏணியில் பாதி ஏறி அதற்கு மேல் ஏறப் பயந்து போன மாதத்து எண்ணையே குறித்துக்கொண்டார், தொங்கும் மூட்டையில் யாரோ ஒரு பெண் மஞ்சள் துணி முடிந்துவிட்டுப் போக அடுத்த வாரம் அங்கே சூடம் விற்கவும் ஆள் வந்துவிட்டது. எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் நிழல். நத்தைமுனை அளத்தில் மரம் கிடையாது, கூரை கிடையாது, கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை வெளேரென்று உப்புப் பாத்திதான், அதில் நிற்பவர்களின் கண்ணில் நாள் முழுக்க ஊசி குத்தும். இப்போது வீடுகள் மேலே போனதால் கீழே நாலு வீட்டு அகலத்துக்கு நிழல் விழுந்தது, நாலு திசையிலிருந்தும் அளத்து ஆட்கள் தூக்குவாளியோடு வந்து அந்த நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கங்காணி துரைப்பழத்துக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிந்தது.

ஏன் எரிந்தது என்றால், அந்த நிழலைத்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் நாலாவது வீட்டு அன்னபுஷ்பம் கேட்டாள். அளத்தைப் பார்க்க வந்த அதிகாரியிடம், கங்காணி பக்கத்தில் நிற்கும்போதே, "சார், இங்க குடிக்கத் தண்ணி இல்ல, ஒதுங்க நிழல் இல்ல, ரெண்டும் இருக்குன்னு நோட்டுல எழுதியிருக்கு, அந்த நோட்டு எங்க நிக்குதுன்னு காட்டச் சொல்லுங்க, நாங்க போய் அதுக்கு அடியில ஒதுங்கிக்கிடுதோம்," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். அவர் போன பிறகு கங்காணி மற்ற மூன்று திசையையும் பார்த்து, இவளோடு பேசுகிறவர்களுக்கு வேலை கிடையாது என்று ஒரே ஒரு தடவை சொன்னார். ஒரு தடவை போதுமாக இருந்தது. அதுவரை ஜோடி போட்டு உப்பு வாரிய பாக்கியத்தாய் மறுநாள் வேறு ஜோடி பார்த்துக்கொண்டாள். யாரும் அன்னபுஷ்பத்தைத் திட்டவில்லை, அடிக்கவில்லை, பார்க்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான். அதுதான் மகாபாவம் என்று நான் சொல்லுவேன்.

வீடுகள் எழும்பிய அன்று நாலாவது வீட்டின் வாசலில் மட்டும் ஒரு சின்னப் பலகை படுக்கைவாக்கில் கிடந்தது. ஒரு முழ நீளம். உதைத்தாலும் நகரவில்லை, நெம்பினாலும் பெயரவில்லை. அது கழித்தல் குறி என்று பாக்கியத்தாய்க்குப் பார்த்தவுடன் தெரிந்தது, ஆனால் அவள் வாய் திறக்கவில்லை. அந்த வாசலில் மட்டும் ஏன் வந்தது என்று யாரும் ஆச்சரியப்படவும் இல்லை, மூன்று வருடமாக அது அங்கேதான் கிடந்தது என்பதும் இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது என்பதும் எல்லாருக்கும் உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும்.

பலகையைத் தாண்டிப் போனது எதுவும் மிஞ்சவில்லை. அன்னபுஷ்பம் இடுப்பில் நிறைகுடத்தோடு தாண்டினால் உள்ளே போய்ச் சேர்ந்தது வெறுங்குடம். அரிசி கொண்டுபோனால் பைதான் போனது. பேசாதவர்கள்கூட மனசு கேட்காமல் கஞ்சிப் பானையை வாசலில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள், அவள் எடுத்து உள்ளே வைத்ததும் பானை துடைத்தது போல இருக்கும். வெளியே நின்று சாப்பிட்டுப் பார்த்தாள், வாய்க்குள் போன கவளம் தொண்டைக்குள் போகவில்லை, கழித்தல் அவளோடேயே நடந்து வந்தது. வீடு எழும்பியபோது கூடவே எழும்பி வந்ததால் பலகையைத் தாண்ட வேண்டியிராத கொல்லைமுருங்கை ஒன்றுதான் அவளுக்கு மிச்சம், அந்தக் கீரையை அரைத்து அந்தச் சாற்றைக் குடித்துக் கிடந்தாள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் எடை குறைந்தது. பதினைந்தாம் நாள் ஏணியில் அவள் இறங்கினால் ஏணி அசையவில்லை. இருபதாம் நாள் அவள் நடந்துபோன ஈரப் பாத்தியில் கால் தடம் விழவில்லை. அதன் பிறகு அவள் வெளியே வருவதை நிறுத்திவிட்டு, அம்மிக்குழவியை மடியில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தாள், இல்லாவிட்டால் சன்னல் காற்றே அவளைத் தூக்கியது. ஆடி பிறக்க ஒன்பது நாள் இருந்தது. நத்தைமுனையில் ஆடிக்காற்று அடித்தால் நனைத்துப் போட்ட சாக்கே பறக்கும்.

இதற்கிடையில் கங்காணி கீழே இறங்கிவிட்டார். கெட்டிக்காரர், அதை இல்லையென்று சொல்லக்கூடாது. தன் வீட்டில் ஒரு மூட்டையும் மூன்று குழியும், கோட்டுக்குக் கீழேயும் ஒரு மூட்டையும் மூன்று குழியும், இரண்டும் அச்சு அசலாக ஒன்று என்பதைக் கண்டுபிடித்து, கைப்பிரம்பால் மேலே ஒரு சாய்கோடும் கீழே ஒரு சாய்கோடும் இழுத்தார், உடனே மேலிருந்ததும் கீழிருந்ததும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்தன, வீடு திம்மென்று தரையில் வந்து உட்கார்ந்தது, ஒன்று என்பதற்கு அடையாளமாக வாசலில் ஒரே ஒரு உப்புக் குவியல் மட்டும் மிச்சம் நின்றது. கீழே மறைந்தது அவருக்கு மட்டும்தான், மற்ற மூன்று வீட்டுக்கு அடியில் மூட்டையும் குழியும் அப்படியே இருந்தன. அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மேலே நிற்பவர்களைப் பார்த்து, "புத்தி வேணும்," என்றார்.

புத்தி தனக்கும் இருக்கிறது என்று சிவனணைந்தான் அன்று மத்தியானமே காட்டினார். மேலே இரண்டு மூட்டை இருக்கிறதே, கீழே ஒரு மூட்டை இருக்கிறதே, மூட்டைக்கு மூட்டை அடித்துவிட்டால் என்ன என்று, குழியைக் கணக்கில் எடுக்காமல், கயிற்றைப் பார்க்காமல், மூட்டையின் மேல் மட்டும் சாய்கோடு இழுத்தார். வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, சட்டியும் பானையும் உருண்டு ஏழு குழிக்குள்ளும் போயின, அவர் பெண்சாதி கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அவருடைய ஏழு தலைமுறையையும் பெயர் சொல்லி விசாரித்தாள். பொழுது சாயும்போது மூட்டை பழையபடி முளைத்தது, வீடும் நிமிர்ந்தது, சட்டிகள் போனது போனதுதான். பாக்கியத்தாய் வந்து கயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "அண்ணாச்சி, ஒரு கட்டா இருக்கறத முழுக் கட்டா அடிக்கணும். கட்டுக்குள்ள இருக்க ஒண்ண மட்டும் உருவி அடிக்கக்கூடாது."

"அப்பம் எனக்கு என்னதான் வழி?"

"நம்ம யாருக்கும் தனியா வழி இல்ல. மூணு வீட்டையும் சேத்து ஒண்ணா எழுதுனாத்தான் உண்டு. கீழ எல்லாத்துக்கும் ஒரே அடி, அதத் தொட வேண்டாம். மேல இருக்கறத மட்டும் கூட்டணும்."

"மூணு வீடா?" என்றார் கீழேயிருந்து கங்காணி. "ரெண்டு வீட்டக் கூட்டு, போதும். நாலாவத விட்ரு. விட்டாத்தான் நாளைக்கு உனக்கு வேலை."

பாக்கியத்தாய் அன்றைக்கு அவர் சொன்னதையே கேட்டாள். அவளை நான் நல்லவள் என்று சொல்ல வரவில்லை. தன் வீட்டுச் சுவரில் அடுப்புக்கரியால் எழுதினாள்: சதுரப் பெருமூட்டை ஒன்று, அவள் மூட்டை ஒன்றும் சிவனணைந்தானின் இரண்டும் சேர்த்து மூன்று மூட்டை, ஏழு குழி. இந்தக் கோவையை இரண்டு கட்டாகப் பிரிக்க வேண்டும், ஒன்றையொன்று பெருக்கினால் இது வர வேண்டும், அதில் ஒரு கட்டு கீழே இருக்கும் கட்டாக இருக்க வேண்டும், அப்போதுதான் அடித்துவிட்டு இறங்க முடியும். ஏழு என்ற எண்ணை ஒன்றும் ஏழுமாகத்தான் பிரிக்கலாம், ஒன்றையும் ஏழையும் எப்படிக் கூட்டினாலும் கழித்தாலும் மூன்று வரவில்லை. இரண்டு நாள் எழுதி எழுதி அழித்தாள். சுவர் கறுத்துப் போனது, வீடு ஒரு விரற்கடை இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவள் நாலாவது வீட்டின் வாசல் வரை போனாள். வாசல் வரைதான். பலகைக்கு இந்தப் பக்கமாக நின்று உள்ளே எட்டிப் பார்த்து முன்னறையில் ஐந்து மூட்டையை எண்ணினாள், பிறகு வெளிப்பக்கமாகவே கோட்டின் மேல் நடந்து சுற்றிவந்து சன்னல் வழியாக அடுப்பங்கரையில் நாலு குழியை எண்ணினாள். குழவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்னபுஷ்பம் நிமிர்ந்து பார்த்தாள். பாக்கியத்தாய் ஐந்து, நாலு என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பிவிட்டாள். வாசலில் கழித்தல் கிடந்ததால் ஐந்து மூட்டையைக் கழித்தாள். மூன்றில் ஐந்து போனால் இரண்டு குறைவு. நாலு குழியை ஏழு குழியோடு சேர்த்துப் பதினொன்று என்று எழுதினாள். பதினொன்றை ஒன்றும் பதினொன்றுமாகத்தான் பிரிக்க முடியும், அதிலிருந்து இரண்டு வரவே வராது. ஆத்திரத்தில் வரக்கூடாத இடத்தில் ஒரு சாய்கோடு இழுத்துப் பார்த்தாள், மூன்று வீடும் ஒன்றுபோல முனகின, நாலாவது வீட்டுக்குள்ளிருந்து ஒரு ஈர்க்குச்சி விழுந்தது போல ஒரு சத்தம் கேட்டது. அது அன்னபுஷ்பம் விழுந்த சத்தம் என்று தெரிந்ததும் பாக்கியத்தாய் இழுத்த கோட்டை உள்ளங்கையால் தேய்த்து அழித்தாள்.

அன்று அவள் உப்பு வாரப் போகவில்லை. சுவருக்கு எதிரே உட்கார்ந்து தான் எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதே மாதிரி ஒரு கணக்குத்தான் அவளுக்கு அந்த ஒரு மார்க்கைத் தின்றது. அரைப் பரீட்சைத் தாளில் அந்தக் கணக்கின் இரண்டாவது உறுப்பைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள், ஏன் வட்டம் என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை, முழுப் பரீட்சையிலும் அதே தப்பைச் செய்துவிட்டு வந்தாள். இப்போது அந்த வட்டம் எங்கே விழுந்திருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். கழித்தல் குறிக்குப் பக்கத்தில் இல்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை. கட்டுக்குள்ளே, பின்னால் இருந்ததைச் சுற்றி.

அவள் எழுந்து சத்தமாகச் சொன்னாள், கீழே நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த முப்பது பேருக்கும் கேட்டது. "மைனஸு வாசல்லயே நிக்காது! கட்டுக்கு முன்னால கெடந்தா, கட்டுக்குள்ள இருக்க எல்லாத்துக்கும் போய்ச் சேரணும். நான் முன்னறைக்கு மட்டும் குடுத்துட்டு அடுப்பங்கரைக்குக் குடுக்கல."

"அதுக்கு?" என்றார் சிவனணைந்தான்.

"யாராவது அதத் தூக்கிக்கிட்டு உள்ள போகணும்."

"அத ஒதச்சாலே நகரலையே தங்கச்சி."

"வெளிய தள்ளத்தான் பாத்தோம். உள்ள கொண்டுபோக யாரு பாத்தா?"

ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகமாட்டார்கள், அதுவும் நாள் கழித்துப் போகிற வீட்டுக்கு. அதனால் சிவனணைந்தானின் பெண்சாதி பரபரவென்று ஒரு பானை நிறையக் கஞ்சி ஊற்றி, மேலே துவையலும் வைத்து பாக்கியத்தாயின் இடுப்பில் ஏற்றிவிட்டாள். பலகைக்கு முன்னால் போய் நின்றபோதுதான் பாக்கியத்தாய்க்கு உறைத்தது. இத்தனை நாளும் எல்லாரும் நிறைந்ததையே கொண்டுபோனார்கள், நிறைந்ததெல்லாம் குறைந்தது. குறைந்ததை இந்த வாசலுக்குள் யாரும் கொண்டுபோய்ப் பார்க்கவே இல்லை, அப்படிக் கொண்டுபோவது மரியாதை இல்லை என்பதால். அவள் பானையைக் கவிழ்த்துக் கஞ்சியைக் கோட்டுக்கு வெளியே கொட்டினாள்.

"கிறுக்கச்சி!" என்று அலறினாள் பானைக்காரி.

"வெறும் பானையாத்தான் போகணும், மதினி. எங்கிட்ட கொண்டுபோறதுக்கு வேற எதும் இல்ல."

"பாக்கியம்," என்றார் கங்காணி கீழேயிருந்து, இந்தத் தடவை பிரம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு. "அந்தப் பலகையத் தாண்டுனா நாளைலேருந்து உனக்கு அளம் கெடையாது. ஒரே தடவதான் சொல்லுவேன்."

"போன தடவையும் ஒரே தடவதான் சொன்னீரு அண்ணாச்சி. அதக் கேட்டுத்தான் மேல நிக்கோம்."

அவள் குனிந்து பலகையைப் பிடித்தாள். வெளியே இழுத்தபோதெல்லாம் மலையாகக் கிடந்தது உள்ளே போகும் திசையில் உப்புக்கூடையளவு கனத்தில் எழும்பி வந்தது, அதைத் தலையில் வைத்துக்கொண்டு, வெறும் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூன்று வருடம் கழித்து அந்த வீட்டுக்குள் கால் வைத்தாள். முன்னறையில் அவள் கடந்துபோன ஒவ்வொரு மூட்டையும் உள்வாங்கி மூட்டையளவு பள்ளமானது, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, அவளுக்குப் பயமாக இருந்தது, திரும்பிவிடலாம் என்றுகூட இருந்தது, அங்கேயே நின்றால் போன தடவை செய்த அதே தப்பு என்று தெரிந்ததால் நிற்காமல் நடந்தாள். அடுப்பங்கரைக்குப் போய் நாலு குழியின் மேலும் பலகையை ஒருமுறை இழுத்தாள். குழிக்குள்ளிருந்து வெள்ளை எழும்பியது. விளிம்புக்கு வந்தது, விளிம்பைத் தாண்டியது, நாலு குழியும் நாலு உப்புக் குவியலாக நின்றன, பலகை அவள் கையிலேயே பொடிந்து உதிர்ந்தது. அவள் இடுப்பில் பானை கனத்தது. குனிந்து பார்த்தால் கழுத்து வரை கஞ்சி.

அன்னபுஷ்பம் மூலையில் சுருண்டு கிடந்தாள், ஒரு துவைத்த சேலை அளவுக்குத்தான் இருந்தாள். பாக்கியத்தாய் அவளைத் தூக்கி உட்கார வைத்து, குழவியை எடுத்து மடியில் வைத்து, பானையை வாயில் சாய்த்தாள். அவள் குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. பாதிப் பானை குடித்த பிறகும் ஒரு வார்த்தை பேசவில்லை, பாக்கியத்தாயின் முகத்தையும் பார்க்கவில்லை.

"இரு, கணக்க முடிச்சிட்டு வந்திருதேன்," என்று சொல்லிவிட்டு பாக்கியத்தாய் ஓடினாள்.

கரியை எடுத்தாள். கீழே முப்பது பேரும் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள், அவள் சொல்லச் சொல்ல அவர்களும் கோவிலில் கூட்டாகச் சொல்வது போலத் திருப்பிச் சொன்னார்கள். சதுரப் பெருமூட்டை ஒன்று. ஒன்று! மூட்டை மூன்று, பள்ளம் ஐந்து, மூன்று பள்ளம் மூடியது, இரண்டு பள்ளம் மிச்சம். இரண்டு! குழி ஏழு, குவியல் நாலு, நாலு குழி தூர்ந்தது, மூன்று குழி மிச்சம். மூன்று! மூன்றை ஒன்றும் மூன்றுமாகப் பிரிக்கலாம், மூன்று குழியும் ஒரு குவியலும், பெருக்கினால் மூன்று குழி, கூட்டினால் இரண்டு குறைவு. அவள் இரண்டு கட்டாக எழுதினாள். ஒரு மூட்டையும் மூன்று குழியும் ஒரு கட்டு. ஒரு மூட்டையும் ஒரு குவியலும் இன்னொரு கட்டு. முதல் கட்டை எழுதி முடித்ததுமே கீழே நின்றவர்கள் கோட்டுக்கு அடியில் தொங்கிய மூட்டையையும் மூன்று குழியையும் பார்த்துக் கத்திவிட்டார்கள்.

பாக்கியத்தாய் முழுக் கட்டின் மேலும் சாய்கோடு இழுத்தாள். மேலும் இழுத்தாள், கீழும் இழுத்தாள்.

கோடு போன விதம் யாருக்கும் தெரியாது. மூன்று வீடும் பாரம் இறக்குபவர் முதுகிலிருந்து மூட்டை இறங்குவது போலப் பதமாகத் தரைக்கு வந்தன, வரும்போதே நடுச்சுவர்கள் இல்லாமல் போய் ஒரே நீள வீடாக வந்து உட்கார்ந்தன, அதன் வாசலில் ஒரு மூட்டையும் ஒரு குவியலும் நின்றன. நத்தைமுனைக்காரர்கள் அதை மூன்று அடுப்பு வீடு என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். மூட்டைக்குள் எத்தனை இருக்கும் என்று அன்றே பந்தயம் கட்டினார்கள். "எத்தன வேணா இருக்கட்டும், மூணு மட்டும் இருக்காது," என்றாள் பாக்கியத்தாய். "மூணா இருந்திருந்தா மூணு குழியில போட்டதும் அடியில ஒண்ணுமே இல்லாம ஆயிருக்கும். ஒண்ணுமே இல்லாததுக்கு மேல எந்த வீடும் நிக்காது." கங்காணி வந்து, மூன்று வீட்டாருக்கும் நாளைமுதல் வேலை இல்லை என்று தொடங்கினார், அதற்குள் நிழலில்லாமல் வெயிலில் நின்ற முப்பது பேரில் ஒருவர், அப்படியானால் தங்களுக்கும் வேண்டாம் என்றார், இன்னொருவர் ஆமாம் என்றார், கங்காணி பிரம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தன் வீட்டுக் குவியலைச் சுற்றி உள்ளே போய்விட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். ஆனால் அன்னபுஷ்பத்தைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கூட்டிவந்தபோது அவள் காலடி மணலில் பதியவில்லை. கஞ்சி குடித்தாள், தண்ணீர் குடித்தாள், எடை மட்டும் திரும்பவில்லை. குழவியை எடுத்தால் மிதந்தாள். பெண்கள் அவள் இடுப்பில் தாம்புக்கயிறு கட்டி நடுத்தூணில் முடிந்தார்கள். ஒரு நாள் போனது, நாலு நாள் போனது, ஊரே ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவந்து ஊட்டியது, எல்லாரும் அவளோடு பேசினார்கள், பேசுகிறோம் பார் என்பது போலப் பேசினார்கள். அவள் யாரோடும் பேசவில்லை. ஆடி பிறந்தது. அன்று காலையில் கடலுக்கு எதிர்ப்பக்கமிருந்து காற்று புழுதியைச் சுருட்டிக்கொண்டு வந்தது, தூணில் கட்டிய கயிறு விறைத்தது.

பாக்கியத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்னய மன்னிச்சிரு அன்னம். கணக்கு சரியாத்தானட்டி வந்துச்சு, இன்னும் என்ன கொறயுது உனக்கு?"

"உன் கணக்கு முடிஞ்சிட்டு," என்றாள் அன்னபுஷ்பம். மூன்று வருடத்தில் அது முதல் வார்த்தை, நூல் போல வந்தது. "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"என்னத்த?"

"எங்கம்மா செத்தன்னைக்குத் தூக்க ஆள் இல்லாம வாசல்ல நின்னேன். நீ சன்னலச் சாத்துன. மெதுவாச் சாத்துன, எனக்குக் கேக்கக்கூடாதுன்னு. எனக்குக் கேட்டுச்சுட்டி."

கயிறு கொஞ்சம் தளர்ந்தது. தளர்ந்ததைச் சிவனணைந்தானின் பெண்சாதிதான் முதலில் பார்த்தாள், பார்த்தவள் பாக்கியத்தாயின் தோளை அழுத்தினாள். பாக்கியத்தாய்க்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஓடவில்லை.

"லாரித் தண்ணிக்கு வரிசையில நின்னப்ப எனக்குப் பின்னால நீ நின்ன," என்றாள் அன்னபுஷ்பம், இப்போது குரல் கனத்தது. "காச்சல்ல நான் விழுந்தேன். என்னத் தாண்டிப் போயி உன் கொடத்த எடுத்து வச்ச. கூட வேல பாத்த ஏழு வருசத்துல என் தோள்ல சாஞ்சி எத்தன நாள் தூங்கியிருப்ப நீ, தாண்டயில உன் சேலை என் மூஞ்சியில பட்டுச்சு." அவள் சொல்லச் சொல்ல மடியிலிருந்த குழவி தானாக உருண்டு தரையில் இறங்கியது. காற்று இன்னொரு தடவை வந்து கூரைத் தகரத்தைத் தூக்கிப் போட்டது, வாசலில் நின்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள், அவள் மட்டும் மூடவில்லை. மத்தியானம் வரைக்கும் பேசினாள். கிழமை சொல்லி, இடம் சொல்லி, யார் யார் எங்கே நின்றார்கள் என்று சொல்லி ஒன்றையும் விடாமல் பேசினாள். சிவனணைந்தான் முறை வந்தபோது அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்று கேட்டார், அவர் பெண்சாதி முறையும் வந்தது, ஆனால் திரும்பத் திரும்பப் பாக்கியத்தாயிடமே வந்தாள், ஏனென்றால் மற்றவர்களிடம் அவள் எதிர்பார்த்தது கொஞ்சம்தான். அவள் உட்கார்ந்திருந்த கோரைப்பாய் அவளுக்கு அடியில் அமுங்கி, அமுங்கி, அதன் கோரை ஒடிகிற சத்தம் கேட்டது.

தொண்டை வறண்டு அவள் நிறுத்தியபோது பாக்கியத்தாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு, செம்பில் தண்ணீர் மொண்டு அவள் கையில் கொடுத்தாள்.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"குடிச்சிட்டுச் சொல்லு," என்று பாக்கியத்தாய் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.